செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) சர்வசம விதி மட்டும் எப்படிச் செல்லும்? உதவுங்கள்

ஒன்பதாம் வகுப்பு மகளுக்குச் சர்வசம முக்கோணங்கள் சொல்லித்தருகிறேன். இரு பக்கமும் ஒரு கோணமும் சமமாக இருந்தாலும், கோணம் அந்த இரு பக்கங்களுக்கு இடையில் இல்லாவிட்டால் சர்வசமம் என்று சொல்லப் போதாது என்று வரைந்தே காட்டினேன்: 30 பாகை, அதை ஒட்டி 8 செ.மீ., எதிரே 5 செ.மீ. காம்பஸ் வில் அடிக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டியது. மூன்றாம் பக்கம் ஒன்றில் சுமார் 9.9, மற்றதில் 3.9. சரி, ஒப்புக்கொண்டாள். அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி: "செங்கோணம்-கர்ணம்-பக்கத்திலும் கோணம் இடையில் இல்லையே, அது மட்டும் எப்படிப்பா?"

பிதாகரஸ் வைத்து மூன்றாம் பக்கமும் சமம், ஆகவே ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி சர்வசமம் என்றேன். அது ஏமாற்று வேலையாம்! இரண்டு செங்கோண முக்கோணங்களையும் ஒட்டிவைத்து இருசமபக்க முக்கோணமாக்கும் நிரூபணம் ஒன்று மங்கலாக நினைவிருக்கிறது. எந்தப் பக்கங்களை ஒட்ட வேண்டும், அடி ஏன் ஒரே நேர்கோடாகிறது? யாராவது படியாகச் சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமை தேர்வு.