பின்சக்கரத்தில் மூன்றாவது கம்பியும் ஒடிந்துவிட்டது, வேதாரண்யத்தில் நிற்கிறேன்

தனிச்சக்கரம் | வெள்ளி, இரவு 8.10

சென்னையில் கிளம்பி இன்று ஆறாவது நாள். கன்னியாகுமரி வரை கடலோரமாகவே தனியாகப் போவது திட்டம். 350 கிலோமீட்டர் வருவதற்குள் பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக் கம்பிகள் போய்விட்டன. முதலாவது கடலூர் தாண்டி ஒடிந்தது, சிதம்பரத்தில் மாற்றினேன். இரண்டாவது காரைக்காலுக்குச் சற்று முன்னால். மூன்றாவது இன்று மதியம், வேளாங்கண்ணியிலிருந்து வரும் வழியில், பள்ளமே இல்லாத நல்ல சாலையில். ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே ரிம் கோணிக்கொண்டு, சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கட்டையில் உரசத் தொடங்கிவிட்டது.

கியர் சைக்கிள், இரண்டு வயது, 700சி சக்கரம், பின்னால் 32 கம்பி. என் எடை 84 கிலோ. கேரியரின் இருபுறமும் பை, மேலே கூடாரம், எல்லாம் சேர்த்து 18 கிலோ. முன்னால் ஒன்றும் இல்லை.

கம்பி மட்டமா, உப்புக்காற்றா, அல்லது நான்தான் கனமா? 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஊரில், சைக்கிளை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேடுபள்ளம் | வெள்ளி, இரவு 8.35

உப்புக்காற்று ஆறு நாளில் கம்பியை அரித்துவிடாது. கம்பி மெல்லியதாக இருக்கும். பால்காரர் சைக்கிளில் போடுகிற தடித்த கம்பியாக மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் கேன் தொங்கினாலும் அது அசைவதில்லையே.

பட்டறைக்காரர் | வெள்ளி, இரவு 9.05

தடித்த கம்பி, சக்கரத்தின் நடுவே இருக்கும் அந்த ஹப்பின் துளையில் நுழையாது. நுழைத்தாலும் நோய் தீராது.

தம்பி, முதலில் மூன்று கேள்வி. ஒடிந்தவை செயின் பக்கமா, எதிர்ப்பக்கமா? கம்பியில் எந்த இடம்: ஹப்பை ஒட்டிய வளைவா, நடுவா, ரிம் பக்கத்து மரையா? செயின் எப்போதாவது பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழுந்ததுண்டா?

பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிப் பார். வலப்பக்கத்தை வலப்பக்கத்தோடும் இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடும் மட்டும் ஒப்பிட வேண்டும். பல்சக்கரத்துக்கு இடம் விட்டிருப்பதால் பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இறுக்கமும் அங்கே கூடுதல். இரண்டு பக்கமும் ஒரே சுருதி வராது.

தனிச்சக்கரம் | வெள்ளி, இரவு 10.20

மூன்றும் செயின் பக்கம். மூன்றும் வளைவில்தான் ஒடிந்தன. செயின் உள்ளே விழுந்ததில்லை.

விடுதி வராந்தாவில் உட்கார்ந்து சுண்டிப் பார்த்தேன் ஐயா. வலப்பக்கம் பாதிக்கு மேல் கணீரென்று ஒலிக்கின்றன. நான்கு மட்டும் மந்தம். சிதம்பரத்தில் போட்ட கம்பி தனியாகக் கீச்சிடுகிறது. இடப்பக்கம் இரண்டு கம்பிகளில் ‘தொப்’ என்ற சத்தம்தான். கட்டைவிரலால் தள்ளினால் வளைந்தே கொடுக்கின்றன. விடுதிக் காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். காரைக்காலில் போட்ட கம்பிக்குத் தலையே இல்லை. பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி அங்கே கிடைக்கவில்லை. தலையை வெட்டிவிட்டு நுனியைக் கொக்கிபோல் மடித்துத் துளையில் மாட்டினார்கள்.

பட்டறைக்காரர் | வெள்ளி, இரவு 10.55

கொக்கி போட்டவர் கெட்டிக்காரர். கருவி இல்லாத இடத்தில் அதுதான் வழி. ஆனால் அது அடுத்த ஊர் போய்ச் சேருவதற்கு மட்டும்.

வளைவில் ஒடிந்தால் கம்பி களைத்து ஒடிந்திருக்கிறது என்று பொருள். உன் எடையும் பள்ளமும் ஒரே அடியாக முறித்த வேலை அல்ல. சக்கரம் உருளும்போது தரைக்கு நேராக வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 சுற்று. நீ வந்த தூரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மெல்லிய கம்பி ஒன்றைக் கையில் வைத்து மடக்கி மடக்கி ஒடிப்பாயே, அதே கதைதான். எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருந்தால் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவன் சும்மா கையை மட்டும் வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவன் தோள் என்ன ஆகும்?

கடைகளில் ஒடிந்ததை மட்டும் மாற்றி, ரிம் நேராகும்வரை அந்த ஒன்றையே முறுக்கியிருக்கிறார்கள். பார்வைக்குக் கோட்டம் போய்விடும். உள்ளே சமம் வராது. இப்படியே ஓட்டினால் நாலாவதும் ஒடியும்.

செயின் பக்கத்தின் 16 கம்பியையும் புதிதாகப் போட்டுவிடு. மிச்சம் 13 பழையவையும் அதே அளவு களைத்தவைதான். சமமாக முறுக்கிய பிறகு இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்து நன்றாக அழுத்தச் சொல். அப்போதுதான் வளைவு ஹப்பில் சரியாக உட்காரும். ஆலையில் இயந்திரம் கோத்த சக்கரங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான். அழுத்திய பின் மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும்.

எதிர்காற்று | சனி, காலை 5.50

அந்த வழியில் போனவள் என்பதால் சொல்கிறேன். சைக்கிளை விடுதியிலேயே பூட்டிவிட்டுச் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் தஞ்சாவூர் போய்விடுங்கள். கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்து, கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) கழற்றும் கருவியும் உங்கள் அளவுக் கம்பியும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போய் ஒருநாளை வீணாக்கினேன்.

வரும்போது உபரிக் கம்பி வாங்கி வாருங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். இரண்டு அளவிலும் வேண்டும். ராமநாதபுரத்துக்கு அப்பால் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் என்று தூத்துக்குடி வரை பஞ்சர் ஒட்டலாம். கியர் சைக்கிள் சாமானை எதிர்பார்க்காதீர்கள்.

அந்தக் கூடாரம் எதற்கு? ராமநாதபுரம், திருச்செந்தூர் என்று வழியெல்லாம் யாத்திரை வருகிறவர்களுக்கான விடுதிகள். நான் கூடாரத்தையும் அடுப்பையும் மூன்றாம் நாளே தபாலில் வீட்டுக்கு அனுப்பினேன். தண்ணீரையும் கருவிகளையும் முன்னால் மாட்டுங்கள். ரிம் பிரேக் சைக்கிளில் முன்சக்கரம் இருபுறமும் ஒரே இறுக்கம், அதனால் தாங்கும்.

மேடுபள்ளம் | சனி, காலை 7.15

பால்காரர் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தச் சைக்கிளில் பின்னால் 40 கம்பி இருப்பதை மறந்தே போனேன்.

தனிச்சக்கரம் | திங்கள், இரவு 8.40

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை தஞ்சாவூர் போய் வந்தேன். சக்கரத்தை மடியில் வைத்திருந்ததால் நடத்துனர் டிக்கெட் ஒன்றா இரண்டா என்று யோசித்தார். 16 கம்பியும் மாற்றியாயிற்று. கழற்றிய பழையவற்றில் ஒன்றின் வளைவில் மயிரிழை விரிசல் இருந்தது. கடைக்காரர் லேசாக மடக்கியதும் கையோடு வந்துவிட்டது.

கூடாரம் தபாலில் போய்விட்டது. பின்பாரம் இப்போது 11 கிலோ. முத்துப்பேட்டை வழியாக இரண்டு நாள் ஓட்டம், வடகிழக்குக் காற்று முதுகில். ஒன்றும் ஒடியவில்லை. இன்று மாலை சுண்டிப் பார்த்ததில் வலப்பக்கம் ஒன்று மட்டும் சுருதி இறங்கியிருந்தது. ரிம் பக்கம் கம்பியை இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்று முறுக்கினேன்.

பட்டறைக்காரர் | திங்கள், இரவு 9.00

கால் சுற்று போதும். எந்தப் பக்கம் திருப்பினாய்?

தனிச்சக்கரம் | திங்கள், இரவு 9.04

டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசை. பிறகு சுண்டினேன், சுருதி ஏறியிருந்தது.

பட்டறைக்காரர் | திங்கள், இரவு 9.06

சரி. படுத்துத் தூங்கு.