நான்கு இரவுக்காக இன்னொரு கப்பலா?

குழு: தண்டையார்பேட்டை வீடு
சனிக்கிழமை

பெரியப்பா (காலை 6:48)
எல்லோருக்கும் காலை வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் எனக்கும் பெரியம்மாவுக்கும் இதுவரை 26 புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. 30 வந்தால் உறுப்பினர் நிலை கோல்டிலிருந்து பிளாட்டினம் ஆகும். பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம் ஒன்று இருக்கிறதாம். விமான டிக்கெட்டோடு சேர்த்து இரண்டு பேருக்கும் 1,74,000 ரூபாய். இன்று மாலைக்குள் அட்வான்ஸ் கட்டுங்கள் என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

பெரியப்பா (6:51)
[படம்]
ஏழு பயணத்தின் அட்டைகளும் இதோ. ரப்பர் பேண்டு போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மேலே இருப்பது 2016-ல் மரைனர் கப்பலில் போனது.

சித்தப்பா (7:10)
அண்ணா, ஜூனில்தான் கவிதா பிள்ளைகளோடு போகப் போகிறீர்களே. நடுவில் இன்னொன்று எதற்கு?

பெரியப்பா (7:12)
ஜூன் வருவதற்குள் 30 ஆகாவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்கிறார் அந்த ஏஜென்ட். பத்து வருடமாகச் சேர்த்தது தம்பி.

மீனா (7:15)
பெரியப்பா, தயவு செய்து பணம் கட்டிவிடாதீர்கள். அவர் சொல்வது தவறு. நீங்கள் இருப்பது கிரவுன் அண்ட் ஆங்கர் என்ற அவர்களுடைய உறுப்பினர் திட்டத்தில். அதில் புள்ளிக்குக் காலாவதியே கிடையாது. ஒரு இரவுக்கு ஒரு புள்ளி, ஏறியது ஏறியதுதான். ஐந்து வருடம் கழித்துப் போனாலும் 26 அப்படியே இருக்கும். ஜூனில் போகும் நான்கு இரவைச் சேர்த்தாலே 30 வந்துவிடுகிறது. பிப்ரவரியில் தனியாக எதற்கு ஒன்றே முக்கால் லட்சம்?

சித்தப்பா (7:16)
அப்படியென்றால் ஏன் இப்படிச் சொன்னான்?

மீனா (7:19)
தெரியாமல்கூடச் சொல்லியிருக்கலாம் அப்பா. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இல்லை. எம்எஸ்சி கப்பலில் மூன்று வருடம் போகாமல் இருந்தால் உறுப்பினர் நிலை போய்விடும். அதையும் இதையும் குழப்பிக்கொண்டிருப்பார். ஆனால் மாலைக்குள் கட்டு என்று அவசரப்படுத்துகிறார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சாந்தி அத்தை (7:40)
அண்ணா, நம் ஹார்பரிலிருந்தே கப்பல் போனதே, கார்டிலியா. அதில் போனால் இந்தப் புள்ளி ஏறாதா? சிங்கப்பூர் விமானச் செலவே மிச்சம்.

பெரியப்பா (7:46)
ஏறாதும்மா. அது வேறு கம்பெனி. ஆனால் நீ கேட்டதிலும் ஒரு அர்த்தம் இருக்கிறது. கார்டிலியா ஓட்டும் அந்த எம்ப்ரெஸ் கப்பல் முன்பு ராயல் கரீபியனிடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1990-ல் கட்டியபோது பெயர் நார்டிக் எம்ப்ரெஸ், அப்புறம் எம்ப்ரெஸ் ஆஃப் தி சீஸ். 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து இங்கிருந்து கிளம்பியபோது காசிமேட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். அடுத்த வருடம் இலங்கைக்கும் விட்டார்கள், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. அப்போது போயிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

செந்தில் (8:25)
பெரியப்பா, நேற்று இரவு ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். கப்பலில் வைஃபை விட்டு விட்டு வருகிறது. நான் இருப்பது வேறு கம்பெனி, இருந்தாலும் டைனிங் ஹாலில் தினமும் இப்படிப் புள்ளி சேர்க்கும் ஆட்களோடுதான் என் பிழைப்பு. அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தத் திட்டங்களால் நிஜமாகவே லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஃப்ளோரிடா பக்கம் ஓய்வு பெற்று வீடு வாங்கிக்கொண்டவர்கள். மியாமி துறைமுகத்துக்குக் காரிலேயே வந்துவிடுவார்கள், நாம் கல்மண்டபத்திலிருந்து பாரிமுனைக்குப் போவது போல. விமானச் செலவு இல்லை, விசா இல்லை. கடைசி நேரத்தில் அறை மலிவாகக் கிடைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வருடத்துக்கு எட்டு, பத்துப் பயணம். உங்கள் கம்பெனியில் 700 புள்ளி தாண்டி பினாக்கிள் என்ற உச்ச நிலைக்குப் போனவர்கள் இப்படி ஏறியவர்கள்தான். அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

செந்தில் (8:33)
அப்புறம், உண்மையான சலுகை 80 புள்ளியில் டயமண்டுக்குப் போனால்தான் ஆரம்பிக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு பானக் கூப்பன், ஒவ்வொன்றும் 14 டாலர் வரைக்கும். கணவன் மனைவி இருவரும் மது குடிப்பவர்கள் என்றால் ஏழு இரவில் 700 டாலருக்கு மேல் மிச்சம். சின்னத் தொகை இல்லை. அதற்குக் கீழே பிளாட்டினத்தில் கிடைப்பது வைஃபையில் கொஞ்சம் தள்ளுபடி, பால்கனி அறை பதிவு செய்தால் கொஞ்சம் தள்ளுபடி, இந்த மாதிரி சின்னச் சின்னதுதான்.

பெரியப்பா (8:36)
நான்தான் குடிப்பதில்லையே.

செந்தில் (8:37)
அதே கூப்பனில் காபி, ஜூஸ், சோடா வாங்கலாம் பெரியப்பா. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீர்கள்? பெரியம்மா காலையில் ஒரு காபி, மாலையில் ஒரு டீ. அது பஃபேயில் சும்மாவே கிடைக்கிறது.

மீனா (8:50)
நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஜூனில் 30 ஆகிறது. டயமண்டுக்கு இன்னும் 50 இரவு. வருடத்துக்கு நான்கு இரவு என்றால் பன்னிரண்டரை வருடம். பெரியப்பாவுக்கு இப்போது 68. டயமண்ட் வரும்போது 80 தாண்டிவிடும். சீக்கிரம் வர வேண்டுமென்று வருடத்துக்கு மூன்று தடவை போனால் நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் இன்றைய விலையிலேயே 20 லட்சத்துக்கு மேல் போய்விடும். அவ்வளவு கொட்டிக் கிடைப்பது தினம் நான்கு காபி.

நகைச் சீட்டு கட்டினால் கடைசியில் தங்கமாவது கையில் வரும். இது கொசுறு. கல்மண்டபம் மார்க்கெட்டில் பெரியம்மா காய் வாங்கினால் கறிவேப்பிலை, கொத்தமல்லி கேட்டு வாங்காமல் விடமாட்டார்கள். அதற்காகத் தேவையில்லாமல் இன்னும் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கமாட்டார்கள்.

பெரியம்மா (8:58)
வாங்கமாட்டேன்.

சாந்தி அத்தை (9:05)
மீனா, என் தோழி ஒன்று சொன்னாள். தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு இரவுக்கு இரண்டு புள்ளியாமே. நான் தனியாள்தானே. அப்படியென்றால் எனக்குச் சீக்கிரம் ஏறுமே.

மீனா (9:09)
உண்மைதான் அத்தை. ஆனால் ஒரு அறைக்கு இரண்டு பேர் கட்டணத்தை நீங்கள் ஒருவரே கட்டுகிறீர்கள், அதனால்தான் இரண்டு புள்ளி. சூட் அறை எடுத்தாலும் இரட்டைப் புள்ளிதான், அங்கேயும் பணம் அப்படித்தான். புள்ளியைப் பார்க்காதீர்கள். ஜூனில் பெரியப்பா அறையிலேயே மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டால் மூன்றாவது படுக்கைக்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. உங்களுக்கும் துணை இருக்கும்.

சாந்தி அத்தை (9:11)
அண்ணன் குறட்டை விடுவாரே.

பெரியம்மா (9:12)
நாற்பது வருடமாக நான் தூங்கவில்லையா? வா.

கவிதா (9:30)
அப்பா, இங்கே இப்போது மணி பன்னிரண்டு, பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பிளாட்டினம் எதற்கு வேண்டும்? வைஃபை தள்ளுபடிக்காக இருக்காது. நீங்கள் கப்பலில் போனையே தொடுவதில்லை.

பெரியப்பா (9:52)
இரண்டு காரணம் கவிதா.

முப்பத்து நான்கு வருடம் ஹார்பரில் கிரேன் ஓட்டினேன். எத்தனை கப்பல் வந்து போயிருக்கும். கேபினுக்குள் உட்கார்ந்து மேலேயிருந்து டெக்கைப் பார்த்ததோடு சரி. ஒரு கப்பலிலும் பயணியாக ஏறியதில்லை. முதல் தடவை நீ கூட்டிக்கொண்டு போனாய். இரண்டாவது தடவை ஏறும்போது அட்டையில் என் பெயருக்குக் கீழே கோல்டு என்று போட்டிருந்தது. வாசலில் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வந்ததற்கு மகிழ்ச்சி என்றாள். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள், தெரியும். இருந்தாலும் எனக்கு அது பெரிதாக இருந்தது. அதனால்தான் அட்டைகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

பெரியப்பா (9:58)
இன்னொன்று அம்மாவின் கால். போன தடவை ஏறும்போது வரிசை நீளம். விடுமுறைக் கூட்டம், யார் மேலும் தவறில்லை. நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், அவள் பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் தனி வரிசையில் சிலர் நிற்காமலேயே உள்ளே போனார்கள். பிளாட்டினம் என்றால் அந்த வரிசை கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னதும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

சித்தப்பா (10:01)
அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

கவிதா (10:04)
அப்பா, அதற்கு பிளாட்டினமே வேண்டாம். நீங்கள் பார்த்த அந்த வரிசை முக்கியமாக டயமண்டுக்காரர்களுக்கும் சூட் அறைக்காரர்களுக்கும். பிளாட்டினத்துக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அம்மாவுக்குத் தேவை சக்கர நாற்காலி உதவி. நிற்க முடியாதவர்களுக்கு டெர்மினலிலிருந்து கப்பலுக்குள் கொண்டுபோய் விடுவார்கள். இறங்கும்போதும் அப்படித்தான். அதற்குப் புள்ளியும் கேட்கமாட்டார்கள், பணமும் கேட்கமாட்டார்கள். பதிவு செய்யும்போதே படிவம் நிரப்பிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். போன தடவையே நான் செய்திருக்க வேண்டும். அம்மா கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செந்தில் (10:10)
கவிதா அக்கா சொல்வது சரி. எங்கள் கப்பலிலும் உண்டு. முதல் தடவை வருகிறவரா, நூறு தடவை வந்தவரா என்று பார்ப்பதில்லை. ஒன்று மட்டும் கவனம் அக்கா, அந்த நாற்காலி ஏறவும் இறங்கவும் மட்டும்தான். பயணம் முழுவதும் வேண்டுமென்றால் நாமே கொண்டுபோக வேண்டும், இல்லை வாடகைக்கு எடுக்க வேண்டும். அறையும் லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். எங்கள் கப்பலில் சில தாழ்வாரம் கால் மணி நேரம் நடக்கிற மாதிரி இருக்கும்.

பெரியம்மா (10:22)
நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் நாலு பேர் பார்ப்பார்கள். எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சாந்தி அத்தை (10:24)
அண்ணி, திருவொற்றியூர் கோயிலில் போன வெள்ளிக்கிழமை மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தீர்கள். அங்கே யார் பார்த்தார்கள்? உங்கள் பக்கத்தில் நான் நடந்து வருகிறேன். பார்க்கிறவர்கள் என்னையும் பார்க்கட்டும்.

மீனா (10:40)
பெரியப்பா, நீங்கள் சொன்ன முதல் காரணத்துக்கு நான் எதிர்ப்பேச்சு பேசவேமாட்டேன். அந்த மகிழ்ச்சி நியாயமானது. பிளாட்டினமும் உங்களுக்கு வரப்போகிறது, ஜூனில், எப்படியும் போகப் போகிற பயணத்திலேயே. இப்படித் தானாக வருவதை விடவே கூடாது. பெரியம்மாவுக்கும் ஒரே விலாசம் என்பதால் உங்கள் நிலையே கிடைக்கும். பதிவு செய்யும்போது உங்கள் உறுப்பினர் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாந்தி அத்தையையும் சேர்த்துவிடலாம், சேருவதற்குக் கட்டணம் இல்லை.

துரத்த வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விதியை எழுதுவது அவர்கள், நாம் இல்லை. கார்னிவல் கம்பெனியைப் பாருங்கள். இத்தனை காலமாக இரவுக் கணக்குதான் வைத்திருந்தார்கள். 2026 ஜூனிலிருந்து செலவழிக்கும் பணத்தை வைத்துத்தான் நிலை என்று 2025-ல் அறிவித்துவிட்டார்கள். அதுவும் இரண்டு வருடக் கணக்கு.

செந்தில் (10:46)
ஆமாம். அங்கே வேலை செய்யும் நண்பன் சொன்னான், பல வருடமாக வரும் வயதானவர்கள் அவனிடம் வந்து வருத்தப்பட்டார்களாம். அவனால் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. எந்த நிலையில் இருந்தாலும் டிப்ஸ் கட்டியே ஆக வேண்டும். உங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல். நான்கு இரவு, இரண்டு பேர் என்றால் 144 டாலராவது. அந்த ஏஜென்ட் சொன்ன விலையில் இது இருந்ததா?

பெரியப்பா (10:49)
அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

செந்தில் (10:50)
ஜூன் பயணத்துக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனில் கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்தால் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் பணம் வரவு வைப்பார்கள். அதற்கும் கோல்டா பிளாட்டினமா என்று கிடையாது. எப்படியும் மறுவருடம் போவீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள்.

பெரியப்பா (11:20)
ஏஜென்டிடம் பேசிவிட்டேன். பிப்ரவரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புள்ளிக்குக் காலாவதி உண்டா என்று எழுத்தில் காட்டுங்கள் என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கவிதா, ஜூனுக்கு நீயே பதிவு செய். நான், அம்மா, சாந்தி மூன்று பேரும் ஒரே அறை. லிஃப்டுக்குப் பக்கத்தில்.

சித்தப்பா (11:22)
அந்தப் பணத்தில் பெரியம்மாவுக்கு முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டலாம் அண்ணா. ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பெரியப்பா (11:23)
திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். நீயும் வா.

கவிதா (11:31)
அம்மா, படிவம் திறந்துவிட்டேன். எவ்வளவு நேரம் நிற்க முடியும், படி ஏற முடியுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்லுங்கள், சமாளிக்காதீர்கள்.

பெரியம்மா (11:44)
பத்து நிமிடம் நிற்பேன். அதற்கு மேல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். படி ஏறுவேன், இறங்குவதுதான் கஷ்டம். வலது முழங்கால் என்று போடு. இடது பரவாயில்லை.