மறு: ‘ரெகுலேட்டரி காஸ்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> ‘ஒழுங்குமுறைச் செலவு’ போதுமே, இதில் குழம்ப என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ‘கல்விச் செலவு’ என்றால் கல்விக்கு ஆகும் செலவு. அதே கணக்கில் ‘ஒழுங்குமுறைச் செலவு’ என்று படிப்பவர் அதிகாரிகள் சம்பளம், ஜீப், டீசல் என்றுதான் எடுத்துக்கொள்வார். நான் மொழிபெயர்க்கும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தில் அரசுக்கு ஆகும் செலவும் கணக்கில் வருகிறதுதான். ஆனால் சண்டையெல்லாம் மற்றதைப் பற்றி: அரசுத் துறை ஒரு விதி போடுகிறது, அதற்குக் கட்டுப்பட ஊரில் உள்ளவர்கள் கையிலிருந்து பணம் போகிறது.

கேட்டிருந்தீர்கள் என்பதால் பின்னணி. 2010-இல் ஆளுநர் சார்லி கிறிஸ்ட் ஒப்புதல் மறுத்த இந்தச் சட்டத்தின் மசோதாவை, அந்த ஆண்டு நவம்பரில் சட்டமன்றம் அவர் மறுப்பையும் மீறிச் சட்டமாக்கியது. ஒரு விதியால் ஓராண்டுக்குள் மொத்தம் 2 லட்சம் டாலருக்கு மேல் செலவு கூடும் என்று தெரிந்தால் துறை செலவு மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். 5 ஆண்டுகளில் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், சட்டமன்றம் ஏற்கும்வரை விதி நடைமுறைக்கே வராது.

> ‘விதிச்சுமை’ என்று வைக்கலாம். சின்னச் சொல், நாக்கில் நிற்கும்.

அக்கா, சொல் அழகுதான். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ‘சுமை’ என்றதுமே தீர்ப்பும் சொல்லியாகிவிடுகிறது. 2017 செப்டம்பரில் இர்மா புயலில் மின்சாரம் பாதிக்கப்பட்டு, ஹாலிவுட் என்னும் ஃபுளோரிடா நகரத்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஏசி நின்றுபோனது. வெப்பத்தில் 12 பேர் இறந்தார்கள். இல்லங்களில் ஜெனரேட்டரும், 4 நாள் தாங்குவதற்கான எரிபொருள் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த மாநிலத்தில் இத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 700. பத்து லட்சம் டாலர் வரம்பை அவற்றுக்குப் பங்கு போட்டால் இல்லத்துக்கு 1,500 டாலர்கூட வராது. அதில் எங்கே ஜெனரேட்டர் வாங்குவது? ஆகவே விதி சட்டமன்றத்துக்குப் போனது, 2018 மார்ச்சில்தான் ஏற்கப்பட்டது. அந்த ஜெனரேட்டர் விலையைச் ‘சுமை’ என்று சட்டத்தின் வாயாலேயே சொல்ல வைக்கலாமா? இல்ல உரிமையாளர் சொல்லட்டும், அது அவர் பாடு. கலைச்சொல் கட்சி சேரக் கூடாது.

என் பரிந்துரை ‘விதிவழிச் செலவு’. விதியின் வழியாக வருவது, யார் தலையில் விழுந்தாலும் சரி. ‘இணக்கச் செலவு’ (விதிக்குக் கட்டுப்பட ஆகும் செலவு) இதில் ஒரு பகுதிதான். அதைத் தனியே வைத்துக்கொள்வோம்.

> ‘ராட்டிஃபிகேஷன்’ (சட்டமன்றம் விதியை ஏற்பது) என்பதற்கு அரசு வழக்கிலேயே ‘பின்னேற்பு’ இருக்கிறது. புதிதாக எதற்கு?

இங்கேதான் நான் ரொம்ப முரண்படுகிறேன். நம் நகராட்சிக் கூட்டப் பொருள்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: குழாய் உடைந்திருக்கும், ஆணையர் அவசரமாகச் சரிசெய்திருப்பார், பணமும் போயிருக்கும், அப்புறம் மன்றத்தின் ‘பின்னேற்புக்கு’ வைப்பார்கள். காரியம் முடிந்தபின் தலையாட்டுவது. ஃபுளோரிடாவில் நடப்பது நேர்மாறு. துறை விதியை எழுதி முடித்திருக்கும், ஆனால் வாசலைத் தாண்டியிருக்காது. ‘பின்னேற்பு’ என்று போட்டால் வாசகர் விதி ஏற்கெனவே நடப்பில் இருப்பதாக நினைப்பார். சட்டத்தின் கூர்மையே போய்விடும். அதனால் ‘ஏற்புறுதி’ என்கிறேன். முன்னா பின்னா என்ற சாயல் அதில் இல்லை. (அவசர விதிகளுக்கு இந்தத் தடை கிடையாது, ஆனால் அவற்றின் ஆயுளும் குறைவு.)

விஸ்கான்சின் மாநிலத்தில் இதே போன்ற சட்டம் 2017-இல் வந்தது. வரம்பு 2 ஆண்டுகளில் 1 கோடி டாலர். தாண்டினால் துறை நிறுத்திக்கொள்ள வேண்டும். விதியை அனுமதித்துச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றினால்தான் அப்படியே மேலே போகலாம். அதற்கு ‘ஏற்புறுதி’ பொருந்தாது, ‘அனுமதிச் சட்டம்’ என்றே எழுதிவிடுவேன்.

‘ஓவர்சைட்’ என்பதற்குச் சொல்லும் ‘மேற்பார்வை’ பற்றி ஒரு வரி. அதைக் கேட்டால் எனக்குக் கட்டட வேலையில் குடை பிடித்து நிற்கும் மேஸ்திரிதான் நினைவுக்கு வருகிறார். ‘கண்காணிப்பு’ என்றால் சிசிடிவி. விதிகளை வரிவரியாகப் பார்க்கும் குழுவின் வேலைக்குக் ‘கூராய்வு’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்:

“ஒரு விதியின் விதிவழிச் செலவு, நடைமுறைக்கு வந்த 5 ஆண்டுகளுக்குள் மொத்தம் 10 லட்சம் டாலரை விஞ்சுமென மதிப்பிடப்பட்டால், சட்டமன்றம் ஏற்புறுதி செய்யும்வரை அவ்விதி செல்லாது.”

‘விதியின் விதிவழி’ இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ‘செல்லாது’ என்பதும் தப்பு; செல்லாத விதி வேறு, இன்னும் தொடங்காத விதி வேறு. ‘தொடங்காது’ என்று மாற்றினால் பேருந்து மாதிரி இருக்கிறது. இலங்கை நண்பர்கள் ‘ஒழுங்குவிதி’ என்று எழுதுவார்களே, அதை எடுத்துக்கொண்டால் முதல் இடறல் தீருமா? வரைவை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.