முனீஸ்வரன் வரும் கதையை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

செந்தூல் வாசகி:
வணக்கம். குறுநாவல் ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். மின்நூல் தளத்தில் ஏற்றும்போது அமானுஷ்யம், ஃபேண்டஸி, திகில் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கதை மலேசியாவில், காஜாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. போக மறுக்கும் ஒரு பாட்டிக்கு மட்டும் ராத்திரியில் முனீஸ்வரனின் குதிரைச் சத்தம் கேட்கிறது, சுருட்டு வாசம் வருகிறது. கடைசி அத்தியாயத்தில், கோயிலை இடிக்க வந்த புல்டோசர் ஓட்டுநருக்கும் அதே வாசம் அடிக்கிறது. இது அமானுஷ்யமா, ஃபேண்டஸியா? படித்துவிட்டு என் தங்கை பயந்துவிட்டாள். அப்படியானால் திகிலா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
ராத்திரி, குதிரைச் சத்தம், ஆளில்லாத லயம். திகில்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். பேய், பிசாசு, முனி எது வந்தாலும் நம் ஆட்கள் அங்கேதான் போய்த் தேடுவார்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
தம்பி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நான் அதிகம் படிப்பது இந்த வகைக் கதைகளைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திகில் என்ற பெயர் படிப்பவரின் பயத்தை வைத்து வருவது. அதற்குப் பேயே தேவையில்லை. 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் சாலையோர விடுதி நடத்தும் ஒரு மனிதன்தான் இருக்கிறான், ஆவி எதுவும் வராது. இருந்தும் அதைத் திகில் படம் என்றுதான் சொல்கிறோம்.

ஃபேண்டஸியில் கதை நடக்கும் உலகமே வேறு. விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு, சுடுகாடு, தோளில் பிணம், அதற்குள்ளிருந்து வேதாளம் கதை சொல்கிறது. "பிணம் எப்படிப் பேசும்?" என்று அரசன் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. புதிருக்கு விடை சொல்கிறான், வேதாளம் மரத்துக்குத் திரும்புகிறது, இவன் மறுபடி ஏறி இறக்குகிறான். அந்த உலகத்தில் அது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் இத்தனை பிணம் இருந்தும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்கிறோம்.

அமானுஷ்யக் கதையோ நம்முடைய வீட்டில், தண்ணீர் பில்லும் மின்சார பில்லும் வருகிற வீட்டில் நடக்கிறது. அதற்குள் பொருந்தாத ஒன்று நுழைகிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் ஓர் எழுத்தாளர், அவர் மனைவி, புதிதாக வந்த வேலைக்காரி, அவ்வளவுதான். ராத்திரியில் வருகிற அந்த வாடை நிஜமா, அவருடைய மனம் செய்கிற வேலையா என்று கடைசிவரை நம்மால் முடிவுக்கு வர முடியாது. 1970இல் டோடோரோவ் என்ற விமர்சகர் இந்தத் தயக்கத்தையே மையமாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். எல்லாவற்றுக்கும் இயற்கையான விளக்கம் கிடைத்துவிட்டால் கதை ஒரு வகை, இயற்கையை மீறியதுதான் என்று ஒப்புக்கொண்டால் இன்னொரு வகை, முடிவாகாமல் நிற்கும்வரை அது தனி வகை என்றார்.

அம்மா, உங்கள் கதையில் பாட்டிக்கு மட்டும் வாசம் வரும்வரை நாங்களும் தயங்கிக்கொண்டிருப்போம். ஓட்டுநருக்கும் அது அடித்ததும் முனி வந்துவிட்டார் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். ஆகவே அமானுஷ்யம்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலை இருட்டில் தன் மர வரிசைக்கு, அதாவது நிரைக்குப் போகும்போது முனி பின்னால் வருகிறார் என்ற தைரியத்தில்தான் போவார். காவல் தெய்வத்தைத் திகிலில் போடுவது எனக்கு உறுத்துகிறது. ஃபேண்டஸி என்றாலோ, அவரைக் கும்பிடுகிறவர்களிடம் "இது வெறும் கற்பனை" என்று சொல்வது போலாகும்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
சரி சார், மலாய்க்காரர்கள் சொல்லும் பெண் பேய், அந்தப் பொந்தியானாக் வரும் கதை என்றால்?

பட்டர்வொர்த் ஆசிரியர்:
அது அமானுஷ்யம், திகில் இரண்டிலும் வரும், தம்பி. 1957இல் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படம் 'பொந்தியானாக்' அப்படித்தான். அதை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். பொந்தியானாக் இயற்கையை மீறியவள், நம்மைப் பயமுறுத்தவே வருகிறாள். இந்தப் பாட்டியோ சுருட்டு வாசம் வந்ததும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் தங்கை எந்த இடத்தில் பயந்தார் என்று கேட்டுப் பாருங்கள் அம்மா.

செந்தூல் வாசகி:
கேட்டேன் சார். முனி வரும் இடமே இல்லையாம். பாட்டி தனியாக இருக்கும்போது டார்ச் லைட்டோடு நாலு பேர் வந்து தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டுப் போகிறார்களே, அங்கேதானாம். வாசம் வரும் ராத்திரியில் பாட்டி தூங்குவதாகத்தான் எழுதியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
அப்படியானால் அமானுஷ்யத்திலேயே போடுங்கள். அறிமுகக் குறிப்பில் தோட்டம் விற்கப்பட்டதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், வெறும் முனிக் கதை என்று யாரும் கடந்து போய்விடக் கூடாது. இன்னொன்று, ஓட்டுநர் தமிழரா? சின்ன வயதிலிருந்து முனியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் என்றால், பயத்தில் அவருக்கே அப்படித் தோன்றியிருக்கலாம் என்று வாசகர் தப்பித்துக்கொள்வார்.

செந்தூல் வாசகி:
சீனர், சார். அவர் அதை இங்குள்ள சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வமான டத்தோ கோங் என்று எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி ஊதுபத்தி தேடுகிறார். அமானுஷ்யம் என்றே போட்டு இன்றிரவு ஏற்றுகிறேன்.