65 இன்ச் பெட்டியும் இரண்டடிப் படிக்கட்டும்

(டிவி வாங்கிய, மாட்டிய கதையை வடசென்னைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதியது. தலைப்பில் இருப்பது அவரவர் ஏரியா.)

பழைய வண்ணாரப்பேட்டை

பெரிய டிவி வாங்கப் போகிறவர்கள் முதலில் டெய்லர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் படிக்கட்டை அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு முதல் மாடி. அந்தக் காலத்துக் கட்டடம். படிக்கட்டின் அகலம் சரியாக இரண்டடி. நடுவில் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு மேலே தலை இடிக்கிற தளம். பீரோவையே கயிறு கட்டித்தான் வெளிப்புறமாக ஏற்றினோம். இது தெரிந்திருந்தும், போன தீபாவளிக்கு முன்னால் கடையில் 65 இன்ச் டிவியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. "இன்னும் எட்டாயிரம் போட்டா 65 வந்துடும் சார், 55-ஐ ஏன் பாக்கறீங்க?" என்றான் பையன். மச்சானும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். கார்டைத் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் டிவி எங்கள் தெரு முனைக்கு மீன்பாடி வண்டியில் வந்தது. சந்துக்குள் கடையின் டெம்போ நுழையாததால் முனையிலேயே வண்டி மாற்றியிருக்கிறார்கள். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரையின் அகலம் 144 சென்டிமீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தான். அதைச் சுற்றித் தெர்மாகோல், அட்டை எல்லாம் சேர்ந்து பெட்டி ஐந்தடிக்கு மேல். இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு ஏழு படி ஏறினார்கள். திருப்பத்தில் நின்றுவிட்டது. செங்குத்தாக நிமிர்த்தினால் மேல்தளம் இடிக்கிறது. படுக்கவைத்துத் தூக்கலாம் என்றார் எதிர்வீட்டு அண்ணன். "படுக்கவெச்சா பேனல் போயிடும்ணா, அதுக்கு வாரண்டியும் கிடையாது" என்று பையன் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் சொன்னது சரிதான். இவ்வளவு பெரிய கண்ணாடி நடுவில் வளைந்தால் விரிசல் விடும். கீழே விழுந்து உடைந்தாலும் அழுத்தி உடைந்தாலும் வாரண்டியில் வராது.

பீரோ மாதிரி கயிறு கட்டி இழுக்கலாம் என்று தெருவே யோசனை சொன்னது. என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வேணாம்." பெட்டி மறுபடி மீன்பாடி வண்டியில் ஏறியது. கடையில் அரைநாள் மன்றாடி, 55-க்கு மாற்றிக்கொண்டேன். அந்தப் பெட்டி நாலரை அடி. அதுவும் திருப்பத்தில் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டுதான் மேலே போனது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

இப்போது யோசித்தால் படிக்கட்டு எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. எங்கள் ஹால் பத்துக்கு ஒன்பது. சாய்ந்து உட்காரும் இடத்திலிருந்து டிவி சுவருக்கு ஏழேகால் அடி. டிவியின் இன்ச் அளவை 1.6-ஆல் பெருக்கினால் வருகிற இன்ச் தூரத்தில் உட்காருவது கண்ணுக்குச் சுகம் என்று ஒரு கணக்கு உண்டு. 55-க்கு 88 இன்ச், அதாவது ஏழடி நாலு இன்ச். 65-க்கு எட்டடி எட்டு இன்ச் வேண்டும். சினிமா மட்டுமே பார்ப்பவர்கள் 1.2-ஆல் பெருக்கி இன்னும் கிட்டே உட்காரலாம். அப்படிப் பார்த்தால் 65-உம் எங்கள் ஹாலுக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் நாள் முழுக்க ஓடுவது சீரியலும் செய்தியும். அதற்கு அது அதிகம்.

சரி, டிவியை மாட்டி ஆன் செய்தோம். அம்மா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை காசு? பழைய டிவியில மூஞ்சி இதவிடத் தெளிவா இருந்துச்சே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. கடையில் பளபளவென்று ஓடியது பென்டிரைவில் போட்ட 4கே படம். வீட்டில் ஓடியது கேபிள்காரர் பல வருஷம் முன்னால் கொடுத்த சாதா செட்டாப் பாக்ஸ், அதுவும் மஞ்சள் வயரில். அந்த பாக்ஸில் வருகிற படம் 720-க்கு 576 புள்ளிகள், மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளியை டிவி நிரப்பியாக வேண்டும். கால் கிலோ மாவில் தெருவுக்கே தோசை ஊற்றுகிற கதை. அடுத்த வாரம் எச்.டி. பாக்ஸ் வாங்கி எச்.டி.எம்.ஐ. வயரில் கொடுத்த பிறகுதான் அம்மா சமாதானம் ஆனார்.

ஆகவே கடையில் பையனிடம் அவன் டெமோவை நிறுத்தச் சொல்லி, சாதாரண செய்திச் சேனலைப் போடச் சொல்லுங்கள். முகம் திணறுவது எந்த டிவியில், திணறாதது எந்த டிவியில் என்று அப்போதுதான் தெரியும்.

திருவொற்றியூர்

நான் டிவி மாட்டுகிற, ரிப்பேர் பார்க்கிற வேலையில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் என் ஏரியா. மேலே எழுதிய அண்ணன் படிக்கட்டோடு தப்பித்தார். எனக்குச் சுவர்தான் தலைவலி.

பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டால் மாவு மாதிரிக் கொட்டும். புது ஃபிளாட்டில் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டியிருந்தால் டிரில் இரண்டு இன்ச் போனதும் சட்டென்று உள்ளே விழும், பின்னால் காலி. இரண்டிலும் கம்பெனி கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் பிளக்கை நம்பி டிவியை மாட்டக்கூடாது. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று அடைத்த சத்தம் வந்தால் செங்கல். டம் டம் என்றால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீள போல்ட்டோ, பின்னால் ஒரு பிளைவுட் பலகையோ கொண்டுவருவோம். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே ஓட்டை போடச் சொல்லாதீர்கள், உள்ளே வயர் ஓடும். மாட்டுவது இலவசம் என்று கடையில் சொல்வார்கள். ஸ்டாண்டுக்குக் காசு தனி. பில் போடும்போதே கேட்டுவிடுங்கள், எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள்.

எந்த உயரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நெட்டில் பார்த்துவிட்டுச் சோபாவில் உட்காருகிறவர்கள் கணக்கைச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் பாதி வீட்டில் பாய் போட்டுத் தரையில்தான் உட்காருகிறோம். உட்கார்ந்த கண் தரையிலிருந்து இரண்டரை அடிதான் இருக்கும். டிவியின் நடு அந்தக் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். ஆறடி உயரத்தில் சாமி படம் மாதிரி மாட்டச் சொல்வார்கள். மாட்டிவிட்டு வருவேன். மூன்று மாதத்தில் கழுத்து வலிக்கிறது, இறக்கிக் கொடுங்கள் என்று அவர்களே கூப்பிடுவார்கள்.

அடுத்தது உப்புக்காற்று. கடலோரமாக இருக்கிற வீடுகளில் டிவியின் பின்பக்கத்தைக் கழற்றினால் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருக்கும். கடற்கரையைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டிவியை வைக்காதீர்கள். அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள். டிவியின் பின்னால் எப்போதும் இளஞ்சூடு இருக்கும், பல்லிக்கும் கரப்பானுக்கும் அதுதான் ஏ.சி. ரூம். போர்டுக்குக் குறுக்கே பல்லி விழுந்து ஷார்ட் ஆன டிவியை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றால், இப்போது வருகிற டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். நல்ல எர்த்தும் ஒரு ஸ்பைக் கார்டும் போதும். ஆனால் இடி மின்னல் வந்தால் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு உட்காராதீர்கள். கேபிள் வயரையும் கழற்றுங்கள். மொட்டைமாடி வழியாக வருகிற அந்த வயரில்தான் சர்ஜ், அதாவது திடீரென்று எகிறுகிற மின்சாரம் வந்து, பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ. வழியாக டிவி போர்டையே எரிக்கிறது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் எனக்கு இதே வேலைதான்.

இன்னொன்று. பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கை, செட்டிங்கில் நூறில் வைத்து ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கிற எல்.இ.டி. பட்டி சூட்டில் சீக்கிரம் போகிறது. ஐம்பது, அறுபதில் வைத்தால் நம் ஹாலுக்குத் தாராளம்.

பெரம்பூர்

அண்ணா, அந்தப் பேக்லைட் விஷயத்தை எங்கள் வீட்டில் சொல்லி அலுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதைக் காட்டிய பிறகுதான் குறைத்தார்கள்.

என் பிரச்சினை வேறு. ஓ.எல்.இ.டி. வாங்குவதா, கியூ.எல்.இ.டி. வாங்குவதா என்று ஒரு மாதம் வீட்டில் பட்டிமன்றம். பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், உள்ளே சம்பந்தமே இல்லை. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, கறுப்பு வேண்டும் என்றால் அணைந்துவிடுகிறது. அதனால் கறுப்பு மை மாதிரி இருக்கும். கியூ.எல்.இ.டி. என்பது பழையபடி பின்னால் விளக்கு வைத்த எல்.சி.டி.தான், வண்ணத்தைக் கூட்ட நடுவில் குவாண்டம் டாட் என்கிற நுண்துகள் படலம் சேர்த்திருக்கிறார்கள்.

இருட்டு அறையில் பார்த்தால் ஓ.எல்.இ.டி.க்கு நான் அடிமை. ஆனால் எங்கள் ஹாலில் மேற்கே பார்த்த ஜன்னல், சாயங்காலம் நாலு மணிக்கு நேர் வெயில். மாமனார் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை செய்திச் சேனலை மாற்றமாட்டார். அதே லோகோ, அதே சிவப்புப் பட்டை, அதே இடத்தில், தினமும் பதினாறு மணி நேரம். ஓ.எல்.இ.டி.யில் இப்படி ஓட்டினால் அந்தப் பட்டையின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிகிற ஆபத்து உண்டு. மாமனாரை மாற்றுவதைவிட டிவியை மாற்றுவது சுலபம் என்று சாதா 4கே 50 இன்ச் வாங்கிவிட்டோம்.

அதிலும் ஒரு ஏமாற்றம். பழைய டிவி ஸ்டாண்டு மூன்றடி. புது டிவியின் கால்கள் நடுவில் இல்லை, இரண்டு ஓரத்திலும் இருந்தன. ஸ்டாண்டைத் தாண்டி இரண்டு பக்கமும் கால் தொங்கியது. திரையின் அகலத்தைப் பார்க்கிறவர்கள் கால் இடைவெளியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் ஓடும்போது ஏதோ நாடக ஷூட்டிங் மாதிரித் தெரிந்தால் செட்டிங்கில் போய் மோஷன் என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். சினிமா என்பது நொடிக்கு 24 ஃபிரேம்தான், அதாவது 24 தனித்தனிப் படங்கள். டிவி தானாக நடுவில் ஃபிரேம் சேர்த்து வழவழப்பாக்குவதால்தான் சினிமா சீரியல் ஆகிவிடுகிறது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ராயபுரம்

வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1975-ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்தபோது எங்கள் தெருவில் ஒரே வீட்டில் டிவி. பிறகு டயனோரா, சாலிடேர் என்று நம்ம ஊர் கம்பெனி டிவிகள் வந்தன. மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற கதவு. 2006-க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி என் சமையலறையில் பல வருஷம் ஓடியது. ஒரு தடவைகூட ரிப்பேர் வரவில்லை. போன வருஷம் பேரன் வாங்கிய டிவியில் மூன்றாம் மாதமே ரிமோட்டை அமுக்கினால் படம் வர நேரம் ஆகிறது. உள்ளே இருக்கிற மெமரி போதவில்லையாம். நெட்டில் படம் காட்டுகிற ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகினான், இப்போது ஓடுகிறது. டிவி வாங்கி, அதற்குள் இன்னொரு டிவி.

வியாசர்பாடி

காசு விஷயத்தை யாரும் பேசவில்லையே. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. உடனே என் தம்பி, டிவி விலை பத்து சதவீதம் குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். வரி சேராத விலை 30,000 என்றால் முன்பு 38,400, இப்போது 35,400. குறைவது 3,000, எட்டு சதவீதம்கூட முழுசாக இல்லை. "பத்து பர்சென்ட் எங்கடா?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தான்.

இன்னொன்று நோ காஸ்ட் இ.எம்.ஐ., அதாவது வட்டி இல்லை என்று சொல்லிக் கொடுக்கிற மாதத் தவணை. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். எனக்கு இரண்டாயிரம் வித்தியாசம் சொன்னார்கள். பிராசஸிங் ஃபீஸ், வட்டிக்கு மேல் 18 சதவீத வரி என்று ஸ்டேட்மென்ட்டில் தனியாக வந்தது. வட்டியே இல்லாத கடனில் வட்டிக்கு வரி எப்படி வந்தது என்று கஸ்டமர் கேரில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பாவம், லைனில் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

பழைய வண்ணாரப்பேட்டை

மறுபடி நான்தான். திருவொற்றியூர் அண்ணனுக்கு நன்றி. பல்லி விஷயம் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு இருந்தது. ஒன்றை விரட்டிவிட்டேன், இன்னொன்று எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்புறம், அன்றைக்குப் படுக்கவைத்துத் தூக்கலாம் என்று சொன்ன எதிர்வீட்டு அண்ணன் இப்போது 65 பார்த்து வைத்திருக்கிறாராம். அவர் வீடு இரண்டாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.