நாடகக் குழுவின் அருகிலிருந்து நாடகம் படித்த அனுபவம்

சேலத்திலிருந்து நாடகம் படிக்கப் போக விரும்பும் பிள்ளைகள் சிலர், பெற்றோரையும் அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வருவதுண்டு. சேரப்போகும் இடத்தில் நாடகத்தையே தொழிலாகக் கொண்ட நிலையான குழு ஒன்று இயங்குகிறதா என்பதைத்தான் அவர்களிடம் முதலில் கேட்பேன். நம் ஊரில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் ஆர்வம் பிறந்தது அங்கேதான். ஆனால் ஒரே நாடகத்தை மாதக்கணக்கில் ஊர் ஊராக நடிக்கிறவர்களின் அருகிலிருந்து கற்பது வேறு வகைப் படிப்பு.

நான் படித்தது கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் வட்டத்து ஹெக்கோடு என்னும் சிற்றூரில். அங்கே 1949-இல் தோன்றிய நீநாசம் என்னும் நாடக அமைப்பு, கே.வி. சுப்பண்ணாவின் முயற்சியால் 1980-இல் நாடகப் பள்ளியையும் 1985-இல் ‘திருகாட்டா’ என்னும் ஊர்சுற்றும் நாடகக் குழுவையும் தொடங்கியது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் பலர் அந்தக் குழுவிலேயே நடிகர்களாகிறார்கள். சேலத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு, எங்களுடையதும் அப்படித்தான். பேசத் தெரிந்த எனக்குக் கன்னட எழுத்துத் தெரியாததால், தொடக்கத்தில் வசனங்களைத் தமிழில் எழுதி, அழுத்தி உச்சரிக்க வேண்டிய எழுத்துகளின் கீழே கோடிட்டுக்கொண்டு பாடம் செய்தேன்.

குரல், உடல், ஒப்பனை, ஒளியமைப்பு என எல்லாவற்றுக்கும் வகுப்புகள் இருந்தன. எனக்கு உண்மையில் கண் திறந்தது, படிப்பு முடிந்து குழுவோடு பயணம் போனபோதுதான். ஓர் ஊரில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் அன்றைய நாடகம். மேடை எங்கள் ஒத்திகை மேடையில் பாதிதான் இருக்கும். மாலையில் மூத்த நடிகர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தாம் நுழையும் ஓரத்திலிருந்து நடுமேடை வரை மெல்ல நடந்து அடிகளை எண்ணினார். வழக்கமாக அவர் பதினொரு காலடி நடப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும், இங்கே பாட்டு முடியும் முன்பே ஏழாவது காலடியில் சிம்மாசனத்தின் முன் வந்து நின்றுவிட்டார். தாளக்காரரை அழைத்து, முதல் வரியை நுழைவதற்கு முன்னரே திரைக்குப் பின்னால் பாடிவிடுவதாகச் சொல்லி, இருவரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அது முடிந்ததும் அவர் ஓரமாக உட்கார்ந்து, தம் அங்கியில் பிரிந்திருந்த விளிம்பைத் தைக்கத் தொடங்கினார். அன்றிரவு அந்தப் பாட்டு முன்னைவிடக் கம்பீரமாக இருந்தது. வகுப்பறை மேடை என்றும் அளவு மாறுவதில்லை. அதனால் இந்தப் பாடத்தை அங்கே நடத்த வழியில்லை.

குழுவோடு இருந்தே கற்கும் இந்த ஏற்பாடு தமிழுக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், நாடகம் எழுதியவரே வாத்தியாராக இருந்து சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார், நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சேலத்தில் 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களில் நடித்தவர்கள் பலரும் இத்தகைய நாடக சபைகளில் தேறியவர்களே. ஏற்காடு சாலையில் எஞ்சியிருக்கும் அந்தப் பட நிறுவனத்தின் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம், நடிகர்களைக் கொண்டாடிய நாம் அவர்களை உருவாக்கிய முறையைக் கைவிட்டுவிட்டோமே என்று மனம் வருந்துகிறது. கூத்துக் குழுக்களில்தான் அது இன்னும் மிச்சமிருக்கிறது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் பின்பாட்டுப் பாடியபடியே இளையவர்கள் வேடம் கற்கிறார்கள்.

டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளிக்கு 1964 முதல் சொந்த நாடகக் குழு உண்டு. அங்கே மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டமும் மேடை அனுபவமும் வேண்டும். மைசூரில் 1989-இல் நாடக இயக்குநர் பி.வி. காரந்த் தலைமையில் உருவான ரங்காயணம் என்னும் நாடக அமைப்பும் குழுவோடு பயிற்சியையும் நடத்துகிறது. எங்கே போவதானாலும் மொழியை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன், அந்தக் குழுவின் ஒரே நாடகத்தை இரண்டு வெவ்வேறு ஊர்களில் பாருங்கள். நாடகம் முடிந்தபின் நடிகர்களைச் சந்தித்து, சம்பளம் எவ்வளவு, ஆண்டில் எத்தனை மாதம் வேலை இருக்கும் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். என் பெற்றோர் கேட்டபோது நடிகர்கள் எதையும் மறைக்காமல் சொன்னார்கள், அதைக் கேட்ட பிறகுதான் வீட்டில் சம்மதம் கிடைத்தது.