ஏ5 மேஜரா, மைனரா?

புதுக்கம்பி:
கிதார் பழகுறேன். ஒரு பாட்டோட கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற சுரங்கள்) ஷீட்ல ஏ5, டி5, ஈ5-ன்னு போட்டிருக்கு. ஆறாவது கம்பில அஞ்சாம் ஃப்ரெட், அஞ்சாவது கம்பில ஏழாம் ஃப்ரெட் பிடிச்சா ஏ5 வருது. இது மேஜரா, மைனரா? இன்னொண்ணு: டிஸ்டார்ஷன் பெடல் போட்டு முழு ஏ மேஜர் பார் கார்டு (ஒரே விரலால ஆறு கம்பியையும் குறுக்க அழுத்திப் பிடிக்கறது) அடிச்சா ஒரே குழப்பமா கேக்குது. அதே பெடல்ல ஏ5 மட்டும் கணீர்னு நிக்குது. ஏன்?

தந்திமீட்டி:
ரெண்டுமே கிடையாது தம்பி. நான் பாட்டு கத்துக்கிட்டு அப்புறம் கிதாருக்கு வந்தவன், அதனால சுரத்துலயே சொல்றேன். ஏ-வை சட்ஜமா வெச்சா உன் ரெண்டு விரல்ல இருக்கறது ச, ப மட்டும்தான். மேஜர், மைனர்னு தீர்மானிக்கறது காந்தாரம். அந்தர காந்தாரம் (சி ஷார்ப்) சேர்ந்தா மேஜர், சாதாரண காந்தாரம் (சி) சேர்ந்தா மைனர். தம்புராவும் ப-ச-ச-ச தானே? அதான் ஒரே தம்புராவுக்கு சங்கராபரணமும் பாடலாம், கரகரப்ரியாவும் பாடலாம்.

பெடல் கேள்விதான் அருமையானது. டிஸ்டார்ஷன்ல அலையோட உச்சி வெட்டுப்படுது. ரெண்டு சுரம் சேர்ந்து வெட்டுப்பட்டா அதுங்களோட அதிர்வெண்ணோட கூட்டலும் கழித்தலும் புதுச் சுரமா பிறக்கும். உன் ஏ 110 ஹெர்ட்ஸ், ஈ ஏறக்குறைய 165. கழிச்சா 55, அதுவும் ஏ-தான், ஒரு ஸ்தாயி கீழ. சின்ன ஆம்ப்லகூட ஏ5 கனமா கேக்கறது இதனாலதான். இப்ப நடுவுல சி ஷார்ப் (138.6) வை. கழித்தல்ல 28.6-ம் 26.2-ம் வருது. கிட்டக்கிட்ட இருந்தும் ஒண்ணு சேராம உரசுது. ஃப்ரெட்ல கிடைக்கற சி ஷார்ப் சுத்தமான காந்தாரத்தைவிட 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் தூரம் 100 சென்ட்) ஏறி நிக்குது. பஞ்சமத்துல பிசகு 2 சென்ட்தான். பார் கார்டுல ஆறு கம்பியும் இப்படி ஒண்ணோட ஒண்ணு கலந்தா கேக்கவே வேண்டாம்.

இரும்பு இசை:
ரெண்டு விரல் போதும்ங்கறதும் பெரிய விஷயம். பிளாக் சாபத் குழுவோட டோனி ஐயோமி இடது கைக்காரர், வலது கையாலதான் ஃப்ரெட் பிடிப்பார். 1965-ல பர்மிங்காம் தகடு ஆலையில அந்தக் கையில ரெண்டு விரல் நுனி போச்சு. தானே செஞ்ச உறை மாட்டிக்கிட்டு வாசிச்சார். ஹெவி மெட்டலே இந்தப் பிடிமேல எழும்பினதுதான்.

புதுக்கம்பி:
நன்றி அண்ணா. கழித்தல் புரிஞ்சுது. கூட்டினா 275 வருதே, அது என்ன சுரம்?

தந்திமீட்டி:
சரியா பிடிச்ச! அதுதான் அந்தர காந்தாரம். நல்லா சுருதி சேர்ந்த தம்புராவுல யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேக்கும் பார், அதே சுரம். அதனால டிஸ்டார்ஷன் ஏ5-ல லேசா மேஜர் வாசம் உண்டு. பாடறவர் சி-யைத் தொட்டா காது மைனராவே எடுத்துக்கும், ஆனா கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) ரொம்ப ஏத்தி ஏ5-ஐ நீட்டிப் பிடிச்சா அந்த சி ஷார்ப் குரலோட மோதும். மைனர் பாட்டுக்கு கெயினை இறக்கு. உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் (கிதார் உடம்புல கம்பி தாங்கற கட்டை) பக்கத்துல வெச்சு, ஒலியை அமுக்கற பாம் மியூட்டோட வெட்டி வெட்டி வாசி.